புது எல்பி தட்டு 3,800 ரூபாய்: செலவா, பேராசையா?

விருகை_வாசு:
வீட்டில் கிடந்த பழைய டர்ன்டேபிளுக்கு பெல்ட்டும் ஊசியும் மாற்றி ஓட வைத்துவிட்டேன். சரி, ஒரு ஜாஸ் எல்பி, அதாவது பெரிய வினைல் இசைத்தட்டு, வாங்கலாம் என்று கடைக்குப் போனால் விலை 3,800 ரூபாய். 1950களில் பதிவான இசை. வாசித்தவர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. அதே ஆல்பம் சிடியில் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பிவிசி தட்டை அழுத்த அப்படி என்னதான் செலவாகிறது? குறைந்த விலையில் வாங்க வழி இருந்தால் சொல்லுங்கள். "ஸ்ட்ரீமிங்கில் கேளுங்கள்" என்று மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

ஊசிமுனை:
வாசு சார், பிளாஸ்டிக்கின் விலையைப் பார்த்தால் எல்லாமே கொள்ளையாகத்தான் தெரியும். அந்தத் தட்டு உங்கள் கைக்கு வருவதற்குள் நடப்பதைப் பாருங்கள். முதலில் லேக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பூசிய அலுமினியத் தகடு. அதில் இசையைப் பள்ளமாக வெட்ட வேண்டும். வெட்டத் தெரிந்த ஆட்கள் உலகத்திலேயே குறைவு. அப்புறம் அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி, அச்சு எடுக்க வேண்டும். ஒரு அச்சில் ஏறக்குறைய ஆயிரம் தட்டு அழுத்தலாம், அதற்கு மேல் அச்சு தேய்ந்துவிடும். கடைசியில் நீராவியில் சூடாக்கி, அழுத்தி, தண்ணீரில் குளிரவைத்து, ஓரம் வெட்ட வேண்டும். ஒரு தட்டுக்கு அரை நிமிடமாவது பிடிக்கும். சிடி என்றால் சில விநாடிதான்.

அந்த லேக்கர் தகட்டை உலகத்துக்கே இரண்டு நிறுவனங்கள்தான் செய்துகொண்டிருந்தன. கலிஃபோர்னியாவில் இருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்துபோனது. மிச்சம் ஜப்பானில் இருக்கும் எம்டிசி மட்டும். செப்புத் தகட்டில் நேரடியாக வெட்டும் டிஎம்எம் முறையும் இருக்கிறது, ஆனால் அந்த எந்திரங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். விலை ஏறாமல் என்ன செய்யும்?

பழையகடை:
ஊசிமுனை அண்ணே, வெள்ளி, நிக்கல், நீராவி எல்லாம் 1975லும் இருந்ததுதானே? அப்போது கல்கத்தா டம்டம் ஆலையில் எச்எம்வி இசை நிறுவனம் தட்டு அழுத்தி, இங்கே நடுத்தரக் குடும்பமும் வாங்கியது. இப்போது மட்டும் எப்படிப் பணக்காரப் பொருளாகிவிட்டது? பதிவுச் செலவை அறுபது வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்ட ஆல்பத்துக்கு 3,800 கேட்கிறார்கள் என்றால் ஒரே காரணம்தான்: கொடுக்க ஆள் இருக்கிறது.

கூடவே "180 கிராம்" என்று அட்டையில் ஒரு ஒட்டு. எடை கூடினால் ஒலி கூடாது. பள்ளம் எப்படி வெட்டப்பட்டது, எந்த டேப்பிலிருந்து வெட்டினார்கள் என்பதுதான் விஷயம். 120 கிராம் தட்டுகளில் அருமையாக ஒலிப்பவை எத்தனையோ உண்டு. கனமான தட்டு நம் பர்ஸைத்தான் லேசாக்கும்.

ஊசிமுனை:
எடை விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் 1975இல் ஒரு தட்டு ஆயிரக்கணக்கில் அழுத்தப்பட்டது, வெட்டும் செலவும் முலாம் செலவும் அத்தனை பிரதிக்கும் பிரிந்தது. இன்று பல ஆல்பங்கள் ஐந்நூறு, ஆயிரத்தோடு நின்றுவிடுகின்றன. அந்தக் காலத்தில் நம் ஊரிலேயே அழுத்தினார்கள் என்பதையும் மறக்காதீர்கள். வாசு பார்த்த தட்டில் கப்பல் கூலி, சுங்கம், ஜிஎஸ்டி, இறக்குமதியாளர் பங்கு, கடைக்காரர் பங்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 25 டாலருக்கு விற்பது இங்கே வரும்போது 3,800 ஆவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நியூஜெர்சி_நாகு:
"செலவு அதிகம், அதனால் விலை அதிகம்" என்ற பாட்டை நான் சிடி காலத்திலேயே கேட்டவன். 1982இல் சிடி வந்தபோது ஆலைகள் குறைவு, விலை அதிகம், நியாயம். தொண்ணூறுகளில் ஒரு சிடியை அச்சடிக்க ஒரு டாலர்கூட ஆகவில்லை. கடையில் விலை இறங்கியதா? 17, 18 டாலர் வரை ஏறத்தான் செய்தது.

ஏன் என்று அமெரிக்க வணிக ஆணையம் எஃப்டிசி தோண்டிப் பார்த்தது. யுனிவர்சல், சோனி, பிஎம்ஜி, வார்னர், ஈஎம்ஐ என்று ஐந்து பெரிய இசை நிறுவனங்களும் ஒரே மாதிரி விதி வைத்திருந்தன: நாங்கள் சொல்லும் குறைந்தபட்ச விலைக்குக் கீழே விளம்பரம் செய்யும் கடைக்கு நாங்கள் தரும் விளம்பரப் பணம் கிடையாது. கடைக்காரர் தன் சொந்தக் காசில் செய்யும் விளம்பரத்துக்கும் அதே கதி. இதனால் மூன்று வருடத்துக்குள் மக்கள் 48 கோடி டாலர் வரை அதிகமாகக் கொடுத்திருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டு ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் அந்த விதியைக் கைவிட ஒப்புக்கொண்டன. பிறகு மாநிலங்கள் போட்ட வழக்கில் 2002இல் சமரசம்: 6 கோடியே 70 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே ரொக்கம், ஏழரைக் கோடி டாலர் மதிப்புக்குச் சிடி.

மனுப்போட்ட ஒவ்வொருவருக்கும் கிடைத்தது 13 டாலர் 86 சென்ட். அந்த 17, 18 டாலர் சிடி ஒன்று வாங்கக்கூடப் போதாது! நூலகங்களுக்குக் கொடுத்த சிடிகளில் யாரும் தொடாத தட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன என்று நூலகர்கள் புலம்பியது தனிக்கதை.

ஊசிமுனை:
நாகு சார், பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்களே. அந்த விதி ஏன் வந்தது? பெஸ்ட் பை, சர்க்யூட் சிட்டி மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் வாங்கிய விலைக்கும் கீழே சிடியை விற்றன. ஃப்ரிட்ஜும் டிவியும் வாங்க ஆளை உள்ளே இழுப்பதற்குச் சிடி ஒரு தூண்டில். நஷ்டத்தை ஃப்ரிட்ஜில் எடுத்துக்கொள்வார்கள். சிடி மட்டுமே விற்றுப் பிழைத்த கடைகள் என்ன செய்யும்? தொண்ணூறுகளின் நடுவில் பல கடைத்தொடர்கள் திவாலாயின. அவர்களைக் காப்பாற்றத்தான் விலைக்குத் தரை போட்டோம் என்பது நிறுவனங்களின் வாதம். முழுக்க நம்ப வேண்டாம், முழுக்கத் தள்ளவும் வேண்டாம். மலிவு மலிவு என்று கேட்பவர்கள் கடை மூடிய பிறகு அதே தெருவில் நின்று ஏங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

நியூஜெர்சி_நாகு:
தரை போட்டும் அந்தக் கடைகள் பிழைத்தனவா? இல்லை. விலை மட்டும் நின்றது. 2003இல் யுனிவர்சல் தானாகவே பட்டியல் விலையை 12.98 டாலருக்கு இறக்கியது. இறக்க முடிந்தது என்றால் அதற்கு முன் வைத்திருந்தது என்ன விலை? இணையத்திலிருந்து பாட்டை இலவசமாக இறக்கிக் கேட்கும் தலைமுறை வந்த பிறகுதான் அவர்களுக்குக் கணக்குப் புரிந்தது.

சரளா_மதுரை:
அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும்? எண்பதுகளில் எச்எம்வி கேசட்டை விடப் பல மடங்கு மலிவாக டி-சீரிஸ் கேசட் போட்டது. தரத்தைப் பற்றி நல்ல பேச்சு கிடையாது, பழைய பாட்டுகளை வேறு குரலில் பாட வைத்து விற்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் டீக்கடை வரைக்கும் பாட்டு போனது அந்த விலையால்தான். அப்புறம் 2007வாக்கில் மோசர் பேயர் படத் தட்டுகளை இறக்கியதே, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்! திருட்டு டிவிடி விலைக்கு அசல். தமிழ்ப் படங்களும் அப்படி வந்தன, எங்கள் தெருப் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் பக்கத்தில் தொங்கியது. முடியாது என்பதெல்லாம் மனது வைக்காதவர் பேச்சு.

ஊசிமுனை:
அந்த மோசர் பேயரைக் கலைத்துவிட 2018இல் உத்தரவு வந்தது, அக்கா.

சரளா_மதுரை:
34 ரூபாய்க்கு விற்றதால் கலைக்கவில்லை, தம்பி. தட்டு என்ற பொருளே சந்தையில் செத்துப்போனது, சூரிய மின்சாரத் தொழிலில் போட்ட பணமும் மாட்டிக்கொண்டது. 340 ரூபாய்க்கு விற்றிருந்தால் பிழைத்திருக்குமா?

கிருபா_பேஸ்:
நடுவில் நுழைகிறேன். நான் வாசிக்கும் குழு சொந்தமாக ஒரு எல்பி போட்டது, 300 பிரதி. வெட்டுவதற்கும் முலாமுக்கும் மாதிரித் தட்டுக்கும் ஆன செலவு 3,000 பிரதி போட்டாலும் அதேதான் ஆகியிருக்கும். அட்டை அச்சும் அப்படியே. அதனால் 2,200 ரூபாய்க்குக் கீழே எங்களால் கொடுக்க முடியவில்லை. ஆனாலும் கச்சேரி முடிந்து ஒருவர் ஒரு தட்டு வாங்கினால் எங்களுக்கு மிஞ்சுவது, ஆயிரக்கணக்கான ஸ்ட்ரீமிங்கில் வருவதைவிட அதிகம். "பிளாஸ்டிக்குக்கு இவ்வளவா" என்று கேட்கும்போது கொஞ்சம் வலிக்கிறது. பெரிய நிறுவனத்தின் மறுபதிப்பையும் எங்களையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பழையகடை:
தம்பி, உங்களை யாரும் சொல்லவில்லை. உங்கள் தட்டுக்கு 2,200 கொடுக்கலாம். செத்தவர் வாசித்ததை நாலாவது தடவை, வண்ணத் தட்டில் போட்டு, "லிமிடெட் எடிஷன்" என்று விற்பவரைத்தான் சொல்கிறேன்.

விருகை_வாசு:
சண்டை சுவாரசியமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. மலிவாக எங்கே?

பழையகடை:
பழையதுதான் வழி. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அங்கே தேடினால் இன்னும் தட்டுகள் கிடைக்கும். காலையில் போங்கள், முகத்தில் ஆசையைக் காட்டாதீர்கள். ஜாஸ் குறைவுதான், ஆனால் வெஸ்டர்ன் கிளாசிக்கல் தட்டுகளை யாரும் சீண்டுவதில்லை, விலையும் படியும்.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கீறல் பரவாயில்லை. நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறல் என்றால் வைத்துவிடுங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் கனத்த ஊசி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், எவ்வளவு கழுவினாலும் திரும்பாது. உடைந்தால் தூளாகும் 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டை எல்பி என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள். அதற்கு வேக அமைப்பும் வேண்டும், தடித்த வேறு ஊசியும் வேண்டும். உங்கள் எல்பி ஊசியை அதில் வைக்காதீர்கள்.

இணையத்தில் என்றால் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு பதிப்பும் இதுவரை என்ன விலைக்கு விற்றது என்று காட்டும். விற்பவர் கேட்கும் விலையை விடுங்கள், விற்ற விலையின் நடுமட்டத்தைப் பாருங்கள். நம் ஊர் ஆட்கள் "விஜி பிளஸ்" (வெரி குட் பிளஸ், அதாவது மிக நல்ல நிலை) என்று தரம் போட்டால் மனதுக்குள் ஒரு படி இறக்கிக்கொள்ளுங்கள்.

சரளா_மதுரை:
இத்தனை பாடு எதற்கு? சிடி வாங்குங்கள். 2022இல் அமெரிக்காவில் 4 கோடியே 10 லட்சம் எல்பி விற்றது, சிடி 3 கோடியே 30 லட்சம்தான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் எல்பி முந்தியது அதுதான் முதல் தடவை. ஒரு எல்பிக்குச் சராசரி 30 டாலர், சிடிக்கு அதில் பாதிகூட இல்லை. கூட்டம் அந்தப் பக்கம் ஓடும்போது இந்தப் பக்கம் மலிவு. ஜப்பானில் புதுச் சிடி 3,000 யென் வரை விற்கும், ஏனென்றால் புதிய தட்டுக்கு நிறுவனம் சொன்ன விலையைக் கடைக்காரர் குறைக்க முடியாதபடி அங்கே சட்டவிலக்கே உண்டு. ஆனால் பழைய சிடிக்கு அந்தக் கட்டு இல்லை, புதுசு மாதிரியே வைத்திருப்பதை அள்ளிக்கொண்டு வரலாம். யாராவது அங்கிருந்து வந்தால் சொல்லி வையுங்கள்.

ஊசிமுனை:
ஒலி என்று ஒன்று இருக்கிறது, அக்கா. அனலாக் டேப்பிலிருந்து, அதாவது டிஜிட்டலாக மாற்றாத காந்த நாடாவிலிருந்து, நேராக வெட்டிய தட்டைக் கேட்டுவிட்டுச் சிடி கேளுங்கள், பிறகு பேசலாம்.

நியூஜெர்சி_நாகு:
இதைச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். ஒலிப் பிரியர்களுக்காக மறுபதிப்பு போடும் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் கதை ஞாபகம் இருக்கிறதா? முழுக்க அனலாக் என்று நம்பி 125 டாலர் கொடுத்து ஆட்கள் வாங்கிய தட்டுகள். நடுவில் டிஜிட்டல் கோப்பு இருந்தது என்று 2022இல் அந்த நிறுவனத்துப் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். அதுவரை பொன்காது படைத்த ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, "இதுதானய்யா அனலாக்" என்று எழுதித் தள்ளினார்கள்.

ஊசிமுனை:
நல்ல ஒலி நல்ல ஒலிதான், அது டிஜிட்டல் வழியாக வந்தாலும். ஏமாற்றியது தப்பு, தட்டு தப்பில்லை. வழக்குப் போட்டார்கள், பணம் திருப்பிக் கொடுக்க ஏற்பாடும் ஆனது.

சரளா_மதுரை:
டிஜிட்டல் வழியாக வந்தாலும் நல்ல ஒலிதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் 600 ரூபாய்ச் சிடிக்கு என்ன குறை?

பழையகடை:
சிடியிலும் கண் வேண்டும். தமிழ்ப் பாட்டென்றால் பிரமிட், ஓரியன்டல் என்ற நிறுவனங்களின் பெயர் போட்ட பழைய சிடிகளுக்கு இப்போது சேகரிப்பாளர் கூட்டம் சேர்ந்து விலை ஏறிவிட்டது. அதனால் வீட்டில் எழுதிய சிடியில் கலர் ஜெராக்ஸ் அட்டை வைத்து விற்கிறார்கள். தட்டின் அடிப்பக்கம் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் எழுதிய தட்டு, அச்சடித்தது வெள்ளியாக இருக்கும். நடு வளையத்தில் பொடி எழுத்தில் ஐஎஃப்பிஐ (உலக இசைப்பதிவு நிறுவனங்களின் கூட்டமைப்பு) என்ற குறி இருந்தால் கூடுதல் நம்பிக்கை. இல்லாவிட்டாலும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம், பழைய தட்டுகளில் அது இருக்காது.

விருகை_வாசு:
ஜாஸை இனி சிடியில் வாங்குகிறேன், 3,800க்கு ஆறு ஆல்பம் வரும். டர்ன்டேபிளுக்கு அல்லிக்குளம். கிருபா, உங்கள் எல்பி எங்கே கிடைக்கும்?

கிருபா_பேஸ்:
தனிமடலில் அனுப்புகிறேன். 2,200தான், பேரம் கிடையாது!

பழையகடை:
கூரியர் அவர் தலையிலா, உங்கள் தலையிலா என்பதை முதலில் பேசிக்கொள்ளுங்கள், வாசு.