கிண்டியில் பிரிண்டிங்கா, கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸா?

வணக்கம். பொறியியல் கலந்தாய்வில் அக்கா மகள் சாய்ஸ் கொடுக்க வேண்டிய நேரம், வீட்டில் ஒரே குழப்பம். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பிரிண்டிங் டெக்னாலஜி கிடைக்கும்போல இருக்கிறது. அவள் ஆசைப்படும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில்தான். "1794-லிருந்து இருக்கிற காலேஜ், பேரே சோறு போடும்" என்கிறார் அவள் அப்பா. நல்ல கட்-ஆஃப் எடுத்த பிள்ளைகள் அங்கே சேர்வதால் கம்பெனிகள் அங்கே வருகின்றன, கம்பெனிகள் வருவதால் மறுபடி அதே மாதிரிப் பிள்ளைகள், பேர் என்பது பெரும்பாலும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் என்ஐஆர்எஃப் தரவரிசையிலேயே 10 சதவீதம் பெயர் மதிப்புக்குத்தான். அப்புறம், கூடப் படிக்கிறவர்களும் சீனியர்களும் அமைவது சின்ன விஷயமில்லை. ஆனால் பிடிக்காத பாடத்தோடு நாலு வருஷம்?

கிண்டியில் பிரிண்டிங், மைனிங் படித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: கேம்பஸ் இன்டர்வியூவில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் உங்கள் பிரிவையும் உட்கார விட்டார்களா?