வீட்டுப் பின்னால கேஸ் கிரில் வச்சிருக்கவங்க வாங்க, உங்க கதைய சொல்லுங்க

பெர்ஜுந்தாய் மச்சான்:

எங்க ஊரு பெஸ்தாரி ஜெயா, பேர மாத்தி எத்தன வருஷம் ஆனாலும் எங்க வாயில வர்றது பத்தாங் பெர்ஜுந்தாய் தான். 1917ல மலேசியாவுலயே மொதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டது இங்க தென்னமரம் தோட்டத்துல தான், ஆனா எங்க அப்பா தோட்டத்து லயத்துல இருந்த காலத்துல அடுப்புக்கு பால்மரக் கட்டை, அதான் ரப்பர் கட்டை தான். இப்ப தாமான் வீடு, அதான் குடியிருப்புப் பகுதியில, பின்னால சிமெண்டு போட்டு கூரை இழுத்து விட்டிருக்கோம், தீபாவளிக்கு ஆளுங்க வந்தா கோழி மீனு எல்லாத்தையும் வெளியவே சுட்டுடலாம்னு கேஸ் கிரில் பாக்கக் கிளம்பினோம்.

தங்கச்சி வீட்டுக்காரர் ஸ்டெயின்லெஸ் கேட் அடிக்கிற பட்டறை வச்சிருக்கார், அவரையும் கூட்டிக்கிட்டு தான் போனேன். கடையில வரிசையா நிக்குது, எல்லாம் பளபளன்னு, நாலு பர்னர் அஞ்சு பர்னர், பக்கத்துல ஒரு சின்ன அடுப்பு வேற. தவுக்கே, அதான் கடை மொதலாளி, வந்து "இது 304 ஸ்டெயின்லெஸ் லா, துருவே பிடிக்காது"ன்னார். மாப்பிள்ளை ஒண்ணும் பேசல, பாக்கெட்டுல இருந்து ஒரு காந்தத்த எடுத்து மூடி மேல வச்சார், வழுக்கிக்கிட்டு கீழ விழுந்துச்சு. சைடு தகட்டுல வச்சார், டக்குன்னு ஒட்டிக்கிச்சு. அப்புறம் குனிஞ்சு கைய உள்ள விட்டு பர்னர் குழாய்ல வச்சார், அங்கயும் ஒட்டிக்கிச்சு. தவுக்கே சிரிச்சுக்கிட்டே "உள்ள யாரு பாக்கப் போறா"ன்னார், "நெருப்பு எரியறதே உள்ள தான தவுக்கே"ன்னு இவர் திருப்பிக் கேட்டார்.

வெளிய வந்து தான் வெளக்கினார். 304ல குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் சுமாரா இருக்கும், காந்தம் பிடிக்காது. 430னு இன்னொரு ரகம், அதுல நிக்கல் இல்லாததுக்குச் சமம், காந்தம் பிடிக்கும், வெயில் மழையில சீக்கிரம் துரு ஏறும். ஆனா காந்தத்த மட்டும் நம்பாதீங்கன்னும் சொன்னார், ஏன்னா 201னு ஒரு ரகம் இருக்காம், நிக்கல கொறச்சு மாங்கனீஸ் போட்டது, அதுலயும் காந்தம் ஒட்டாது ஆனா நம்ம ஊரு ஈரத்துக்கு தாஹான் பண்ணாது, தாங்காது. அதனால காந்தம் ஒட்டினா கேள்வி கேக்கலாம், ஒட்டலன்னா நல்ல சாமான்னு முடிவு கட்ட முடியாது. மூடி 430ஆ இருந்தாக்கூட கூரைக்கு அடியில வச்சு துடைச்சா ஓடும், சூடும் உப்பும் கொழுப்பும் நேரா படுற பர்னர், அதுக்கு மேல கூரை மாதிரி மடிச்சு வச்சிருக்க தகடு, இந்த ரெண்டு தான் மொதல்ல போகும், காச அங்க போடணும். இன்னொன்னு பாத்தார், நான் கனவுலயும் பாத்திருக்க மாட்டேன், ஸ்குரூ. உடம்பு ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கும், ஸ்குரூ மட்டும் சாதா இரும்புல முலாம் பூசினது, ரெண்டு மழைக்காலத்துக்கு அப்புறம் பர்னர மாத்தலாம்னு போனா ஸ்குரூ தலை தேஞ்சு சுத்திக்கிட்டே இருக்கும்.

கடைசியா வேற கடையில மூணு பர்னர் தான் எடுத்தோம். கிரில் வாங்கப் போறவங்க எல்லாம் பிடியூ எவ்வளவு பிடியூ எவ்வளவுன்னு தான் கேப்பாங்க, பிடியூன்னா சூட்டோட அளவு, கிரில்லுல போட்டிருக்கிறது ஒரு மணி நேரத்துக்கு. மொத்தக் கணக்கு பெருசா இருந்தா போதாது, சுடுற தட்டு அளவோட சேத்துப் பாக்கணும். எங்களோடது 24 இஞ்ச்சுக்கு 18 இஞ்ச், அதாவது 432 சதுர இஞ்ச், மொத்தம் 36,000 பிடியூ, வகுத்துப் பாத்தா ஒரு சதுர இஞ்ச்சுக்கு 83 வரும். 80ல இருந்து 100 வரைக்கும் இருந்தா போதும்னு பொதுவா சொல்வாங்க, அதுவும் மூடி தடியா இருந்து சூட்ட வெளிய விடாம இருந்தா கொஞ்சம் கம்மியா இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. மூடி மெலிசா இருந்தா நீங்க எத்தன பர்னர் போட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தான் சூடு. மத்தவங்க சொல்லுங்க.

பந்திங் சமையல் அக்கா:

தம்பி நல்லா சொன்னீங்க, ஆனா கேஸ் தலை, அதான் சிலிண்டர்ல மாட்டுற ரெகுலேட்டர், அத பத்தி ஒரு வார்த்த சொல்லல. நான் கல்யாணத்துக்கு, கோயில் அன்னதானத்துக்கு சமைக்கிறவ, எங்ககிட்ட பெரிய குவாலி (இரும்புச் சட்டி) அடுப்புக்கு ஹை பிரஷர் தலை இருக்கும், வீட்டு அடுப்புக்கு லோ பிரஷர் தலை. எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் புது கிரில் வாங்கிட்டு தீ சின்னதா எரியுதுன்னு என் ஹை பிரஷர் தலைய எடுத்து மாட்டிட்டான். பர்னர விட்டு தீ தூக்கி எரியுது, முன்னால இருக்க பிளாஸ்டிக் திருகு எல்லாம் உருகி வழிஞ்சிருச்சு. நல்ல வேளை தோங்க, அதான் சிலிண்டர, மூடிட்டான், ஆளுக்கு ஒண்ணும் ஆகல. வீட்டு கிரில்லு லோ பிரஷருக்குன்னு செஞ்சது, தீ பத்தலன்னா பர்னர் ஓட்டை அடைச்சிருக்கும் இல்லன்னா டியூப் மடங்கியிருக்கும், தலைய மாத்துற வேலை வேணாம்.

வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல எறக்குறவங்களும் கவனிங்க, அமெரிக்கா கிரில்லோட வர்ற தலை நம்ம தோங்குல மாட்டவே மாட்டாது, அவங்க திருகுற ரகம். அடாப்டர் கிடாப்டர்னு தேடிக்கிட்டு இருக்காதீங்க, கேஸ் கடைக்காரர்கிட்ட குடுத்து தலையும் டியூபும் நம்ம ஊரு சிரிம் தர முத்திரை உள்ளதா மாத்திக்குங்க. கேஸ் சாமானுக்கு சுருஹான்ஜாயா தெனாகா, அதான் எரிசக்தி ஆணையம், அனுமதி வேணும், வாங்கும்போதே ஸ்டிக்கர் இருக்கான்னு கேளுங்க. டியூப்ல தேதி அச்சடிச்சிருக்கும், நான் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திருவேன், தலைய அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா. மாட்டின உடனே சோப்புத் தண்ணி தடவுங்க, நுரை முட்டை முட்டையா வந்தா லீக்கு.

இன்னொன்னு, கேஸு காத்த விட கனம், லீக்கானா மேல போகாது, தரையோட படுத்து லோங்காங்குல, அதான் கால்வாய்ல, எறங்கி நிக்கும். தோங்க கால்வாய் ஓரமா வைக்காதீங்க. பத்த வைக்கும்போது மூடி தொறந்திருக்கணும், மூடி வச்சு பட்டன தட்டிட்டு பத்தலன்னு மறுபடி தட்டினா உள்ள நெறைஞ்ச கேஸு மொத்தமா பிடிக்கும், அப்புறம் புருவத்த தேடணும்.

ஈஜோக் மருமகன்:

எனக்கு நடந்தத சொல்றேன். மாமியார் வீட்டு கிரில்லு, கொஞ்ச நாளா யாரும் தொடல, மச்சினன் பொண்ணு பொறந்தநாளுக்கு எடுத்தோம். பத்த வச்சா ஒரு பர்னர்ல மட்டும் தீ மஞ்சளா, சோம்பேறித்தனமா எரியுது, கொஞ்ச நேரத்துல திருகுக்கு பின்னால பொசுபொசுன்னு ஒரு சத்தம், எட்டிப் பாத்தா தீ குழாய்க்கு வெளிய, திருகு பக்கத்துல எரியுது. தோங்க மூடிட்டு ஆறின பெறகு பர்னர கழட்டி ஒரு பக்கமா தட்டினேன், உள்ள இருந்து காஞ்ச மண்ணு உருண்டை உருண்டையா விழுது, மண்குளவி கூடு கட்டியிருக்கு. காத்தும் கேஸும் கலக்குற வாய் அது, அங்க அடைச்சா கேஸு முன்னால போக முடியாம பின்னால வந்து வெளிய பத்திக்குது. அமெரிக்கா கிரில் புத்தகத்துல சிலந்தின்னு எச்சரிக்கையே போட்டிருப்பாங்க, நம்ம ஊருல குளவி, எறும்பு எல்லாம் சேத்துக்கணும். போத்தல் கழுவுற நீட்டு பிரஷ் விட்டு தேச்சதும் நீலமா எரிஞ்சுச்சு. வாங்கும்போது பர்னர சுளுவா கழட்ட முடியுதான்னு கடையிலயே கழட்டிக் காட்டச் சொல்லுங்க, அந்த வாய்ல கம்பி வலை இருக்கான்னும் பாருங்க.

கரிக்கட்டை:

என்னத்த கேஸு. கோலா செப்பத்தாங் சதுப்புல வளர்ற காண்டா மரக் கரியில சுட்ட மீனு வாசம் வருமா? மூடி போட்டு சுடுறதையே பெருசா ஆக்கினவர் ஜார்ஜ் ஸ்டீபன், 1952ல சிக்காகோ பக்கம் ஏரியில விடுற இரும்பு மிதவைய பாதியா வெட்டி வெபர் கெட்டில் செஞ்சாரு, அதுவும் கரிக்குத் தான். நான் கரி கட்சி, மாற மாட்டேன்.

பெர்ஜுந்தாய் மச்சான்:

கரிக்கட்டை அண்ணே, வாசத்துல பாதி கரியில இருந்து வரல, கோழித் தோலுல இருந்து சொட்டுற கொழுப்பு சூடான தகட்டுல பட்டு பொகையாகி திரும்ப இறைச்சி மேல ஏறுது பாருங்க, அதுல இருந்து வருது. பர்னர் மேல இருக்க தகடு சரியா இருந்தா கேஸுலயும் அது கிடைக்கும், அந்த தகடு இல்லாத மலிவு கிரில்லுல கொழுப்பு நேரா பர்னர் மேல சொட்டி தீ எழும்பும், வாசத்துக்கு பதிலா கருகல். ஆனா காண்டா மரக் கரி வாசம் தனி தான், அத ஒத்துக்கிறேன். வேலை முடிஞ்சு வந்து ராத்திரி எட்டு மணிக்கு கரி பத்த வைக்க எனக்குத் தெம்பு இல்ல, அவ்வளவு தான்.

தெலுக் இந்தான் சித்தி:

எங்க வீட்டுல மாமியார் சைவம், புரட்டாசி வந்தா எல்லாருமே சைவம், அதனால நான் கிரில்லு வாங்கப் போனப்ப கேட்ட மொத கேள்வி தட்டு ரெண்டு துண்டா கழட்ட வருமான்னு. ஒரே நீட்டுத் தட்டா இருந்தா வாங்காதீங்க. எங்களோடது ரெண்டு துண்டு, கூட ஒரு துண்டு தனியா வாங்கி சைவத்துக்குன்னு துணியில சுத்தி வச்சிருக்கேன், கத்தரிக்காய், சோளம், பன்னீர் எல்லாம் அதுல தான். கத்தரிக்காய சுட்டு தோலுரிச்சு புளி போட்டு கடைஞ்சா மாமியார் வேற கறியே கேக்க மாட்டாங்க.

காஸ்ட் அயர்ன் தட்டு சூட்ட நல்லா பிடிச்சு வைக்கும், கோடு அழகா விழும், ஆனா கனம், கழுவி ஈரமா விட்டா மறுநாள் காலையில செவந்திருக்கும். சூடா இருக்கும்போதே தேச்சிட்டு எண்ணெய் தடவி வச்சிரணும். எனாமல் பூசினதுன்னா கரண்டியால சொரண்டாதீங்க, ஒரு எடத்துல உரிஞ்சா அங்க இருந்து துரு போகும். கம்பி பிரஷ் வேணவே வேணாம், கம்பி முறிஞ்சு தட்டுல ஒட்டி சாப்பாட்டுக்குள்ள போயிரும், நான் பாதி வெங்காயத்த முள்ளுக் கரண்டியில குத்தி தேய்ப்பேன். கிச்சாப் மானிஸ் (இனிப்பு சோயா சாஸ்), சக்கரை போட்ட மசாலா எல்லாம் கடைசியில தான் பூசணும், மொதல்லயே பூசினா வெளிய கருகி உள்ள ரத்தம் நிக்கும். கோழிக்கு உள்சூடு 74 டிகிரி வரணும், மூடியில இருக்க மீட்டரு காத்தோட சூட்டத் தான் காட்டும், அத நம்பி எறக்காதீங்க.

புது ஆளு:

அண்ணே 36,000 பிடியூன்னா கேஸு எவ்வளவு குடிக்கும்? எங்க வீட்டுல அம்மா இப்பவே கணக்கு கேக்குறாங்க.

பெர்ஜுந்தாய் மச்சான்:

தம்பி, ஒரு கிலோ கேஸுல சுமாரா 47,000 பிடியூ இருக்கு. மூணு பர்னரையும் முழுசா தொறந்து வச்சா மணிக்கு முக்கால் கிலோ சொச்சம், 14 கிலோ தோங்குன்னா 18 மணி நேரம் ஓடும். முழுசா தொறக்குறது மூடி போட்டு சூடு ஏத்துற அந்த பத்து பதினஞ்சு நிமிஷம் தான், அப்புறம் ரெண்டு பர்னர கொறச்சிருவோம், மீனுக்குன்னா ஒரு பக்கத்த அணைச்சிட்டு அந்தப் பக்கம் வச்சு மூடிருவோம், அதனால கணக்கு இன்னும் கம்மியா தான் வரும். தீபகற்பத்துல வீட்டுக்கு கட்டுப்பாட்டு விலை கிலோ 1.90 வெள்ளி (ரிங்கிட்), 14 கிலோ 26.60, வீட்டுக்கு கொண்டாந்து எறக்கினா கூலி தனி. கரி மூட்டையோட சேத்துப் போட்டு அம்மாகிட்ட காட்டுங்க.

புது ஆளு:

சரிண்ணே. அப்ப அஞ்சு பர்னர் வேணாமா?

பந்திங் சமையல் அக்கா:

வீட்டுல எத்தன பேரு தம்பி? ஆறேழு பேருக்கு மூணு தாராளம். அஞ்சு பர்னர் வாங்கினா துடைக்கிறதுக்கும் அஞ்சு, மாத்துறதுக்கும் அஞ்சு. அந்த காச தடிமனான மூடிக்குப் போடுங்க, ஸ்பேர் பர்னர் அவங்ககிட்டயே கிடைக்குமான்னு கேட்டு பில்லுல மாடல் நம்பர எழுதி வாங்குங்க. கொழுப்பு விழுற தட்டு இழுத்து எடுக்குற மாதிரி இருக்கணும், இல்லன்னா எலியும் எறும்பும் குடித்தனம் வந்துரும். அந்த தட்டுல தீ பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, கேஸ அடைச்சு மூடிய போடுங்க.

புது ஆளு:

நன்றிக்கா. சனிக்கிழமை மாமாவோட கடைக்குப் போறோம், காந்தம் மட்டும் எங்க கிடைக்கும்?

ஈஜோக் மருமகன்:

ஐஸ்பெட்டி கதவுல ஒட்டி வச்சிருக்கீங்கல்ல, அதுல ஒண்ண உருவிக்கிட்டுப் போங்க.