ரீடிங் தப்பு அவர்களது, பில் மட்டும் எனக்கா?

அஞ்சு ரோட்டான்:
சேலத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம் கரண்ட் பில் வரும். இந்த முறை ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று மெசேஜ். நான் பெங்களூரில் இருக்கிறேன், எவனோ திருட்டுப் பயல் அனுப்பியது என்று நினைத்து அழித்தேவிட்டேன். அப்புறம் அப்பா அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு போன் செய்தார். உண்மையான பில்தான்.

அட்டையில் தொடர்ந்து ஐந்து முறை 260 யூனிட். ஒரே எண் எப்படி ஐந்து தடவை வரும்? கரண்ட் ஆபீசில் கேட்டால், "முன்பு வந்தவர் மீட்டரைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார், இப்போது புது ஆள் சரியாக எடுத்துவிட்டார், கட்டிடுங்க" என்கிறார்கள். விட்டுப்போனது எல்லாம் சேர்ந்து ஒரே பில்லில் 1,220 யூனிட். போன வருடம் ஏ.சி. மாட்டினோம், மறைக்கவில்லை. ஆனால் தப்பு அவர்களது. நான் ஏன் கட்ட வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
கட்டத்தான் வேண்டும் தம்பி. மளிகைக் கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி, கடைக்காரர் மறதியில் ஒரு கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டார். மறுநாள் வந்து கேட்டால் "உங்க தப்பு, போங்க" என்பீர்களா? சோறு நீங்கள்தானே சாப்பிட்டீர்கள்.

2021இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஹரியானாவிலிருந்து ஒரு ஆலையின் வழக்கு போனது. மீட்டர் எண்ணை 10ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் மூன்று வருடம் 5ஆல் பெருக்கியிருந்தார்கள். கண்டுபிடித்ததும் 1.35 கோடி கேட்டார்கள். விட்டுப்போன தொகையைக் கேட்பது சேவைக் குறைபாடு ஆகாது என்று தீர்ப்பு வந்தது. ஆலைக்காரர் தோற்றார். அவருக்கே அப்படி, உங்கள் ஒன்பதாயிரம் எம்மாத்திரம்?

குகை தறிக்காரன்:
கணக்குப்பிள்ளை சார் எப்பவும் அந்தப் பக்கம்தான் பேசுவார். தம்பி, ஒரு பைசா கட்டாதீங்க. நாங்க கெடு தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருது. அவங்க பத்து மாசம் மீட்டரையே பார்க்காம எழுதினா அவங்களுக்கு என்ன தண்டனை? விசைத்தறிக்கு இரண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசம், அதைத் தாண்டினால் காசு. ரீடிங் ஒரு வாரம் தள்ளி எடுத்தாலே எங்க கணக்கு உதைக்கும். அந்த வலி தறி போட்டவனுக்குத்தான் தெரியும்.

சட்டமும் நம்ம பக்கம்தான். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(2). இரண்டு வருஷம் போனால் பாக்கியை வசூலிக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
தறிக்காரரே, அவர் பாக்கி பத்து மாதத்துது. இரண்டு வருடக் கதையை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? அதுவும் நீங்கள் நினைப்பது போல இல்லை. 2020இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் இதே பிரிவைத்தான் உச்ச நீதிமன்றம் பார்த்தது. பில் கொடுத்த பிறகுதான் அந்த இரண்டு வருடம் ஓடத் தொடங்கும். தப்பு இரண்டு வருடம் தாண்டித் தெரிந்தால்கூடக் கூடுதல் பில் போடலாம். ஆனால் அந்தப் பழைய பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்றது. பாதியைப் படித்துவிட்டு ஊருக்கு யோசனை சொல்லாதீர்கள்.

குகை தறிக்காரன்:
மீதிப் பாதியை நீங்க இப்பத்தானே சொல்றீங்க! துண்டிக்கக் கூடாதுன்னு ஆச்சுல்ல.

பகோடா பாயிண்ட்:
ஏற்காட்டிலிருந்து. மழைக் காலத்தில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே வந்து, எஸ்டேட்டுக்குள்ளே தனியாக நிற்கும் வீட்டுக்கு நடந்து வந்து ரீடிங் எடுக்கிறவர் மேல் எனக்குக் கோபம் வராது. பாதி நாள் கேட் பூட்டியிருக்கும், சராசரி போட்டுவிட்டுப் போவார். திறந்த மாதத்தில் மொத்தமும் வந்து விழும். அதனால் ஒற்றைப்படை மாதம் 5ஆம் தேதி மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்துவிடுவேன்.

இங்கே இரண்டு பேரும் சண்டை போடுகிற கேள்வியே வேறு. கட்டணுமா வேண்டாமா என்பதை விடுங்கள். 1,220 யூனிட்டை ஒரே பில்லாகப் போட்டது சரியா? நம் ஊரில் ஓட்டும் யூனிட் கூடக் கூட, ஸ்லாப் என்கிற படி ஏறி, யூனிட் விலையும் ஏறும். 500 யூனிட் தாண்டினால் 101–200க்கான பாதி மானியமும் போய்விடும். ஆயிரத்துக்கு மேல் போகும் யூனிட்டின் விலை, 400க்குள் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இவர் எந்த இரண்டு மாதத்திலும் 1,220 யூனிட் ஓட்டவில்லையே?

கணக்குப்பிள்ளை:
இதை நான் கவனிக்கவில்லை. ஐந்து தடவை 260, ஆக 1,300. இப்போது 1,220. மொத்தம் 2,520. ஆறால் வகுத்தால் தடவைக்கு 420. ஆறு பில்லையும் 420 என்று திருப்பிப் போட்டு, கட்டியதைக் கழித்தால் பாக்கி ஐயாயிரத்துச் சொச்சம்தான் வருகிறது. கிட்டத்தட்ட நாலாயிரம் வெறும் ஸ்லாப்பால் ஏறியது.

ஆனால் ஒன்று. சமமாகப் பிரித்தால் உங்களுக்கு லாபம். ஏப்ரல்–மே ஏ.சி. ஓடியிருக்கும், அந்தப் பில் 500 தாண்டியிருக்கலாம் என்று அவர்கள் வாதாடினால் மறுக்க உங்களிடம் போட்டோ கிடையாது.

பகோடா பாயிண்ட்:
அவர்களிடமும் கிடையாதே சார். இருந்திருந்தால் 260 என்று ஐந்து தடவை எழுதியிருக்க மாட்டார்கள்.

குகை தறிக்காரன்:
அப்படிப் போடு!

கணக்குப்பிள்ளை:
சரி, சரி. தம்பி, எழுத்து மூலமாகக் கேளுங்கள், வாயால் கேட்டால் காற்றோடு போகும். எழுத்தில் 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் பிரிவு 56இன்படி துண்டிக்க முடியாது. பில் மீது தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இதில் எது குறைவோ அதை "ஆட்சேபத்துடன்" என்று எழுதிக் கட்டிவிட்டால் முடிவு வரும் வரை இணைப்பைத் தொட முடியாது. உங்கள் சராசரி அந்த ஐந்நூறுதானே. கரண்ட் ஆபீசில் நடக்கவில்லை என்றால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர்.

அஞ்சு ரோட்டான்:
எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து வருகிறேன். அப்பா கடிதத்தோடு போனார். முதல் மேசையில் இரண்டாவதைக் காட்டினார்கள், இரண்டாவதில் முதலாவதை. கடைசியில் உதவிப் பொறியாளரே நகலில் சீல் வைத்துக் கொடுத்தார். ஐந்நூற்றுச் சொச்சத்தை ஆட்சேபத்துடன் கட்டினோம். மூன்று வாரத்தில் ஆறு பில்லாகப் பிரித்துத் திருத்தித் தந்துவிட்டார்கள், கணக்குப்பிள்ளை சார் சொன்ன அதே ஐயாயிரத்துச் சொச்சம். மீதியையும் கட்டியாச்சு.

குகை தறிக்காரன்:
கட்டிட்டீங்களா! மீட்டரைப் பார்க்காம எழுதினவரை என்ன பண்ணாங்கன்னு கேட்டீங்களா?

அஞ்சு ரோட்டான்:
கேட்டேன் அண்ணே. வேறு ஊருக்கு மாற்றல் ஆகிப் போய்விட்டாராம். அம்மா மட்டும் இன்னும் ஏ.சி. ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி வைத்திருக்கிறார்.