வெள்ளம் வந்தால் வாட்ச்மேன் கையில் எந்த லைட்? பேட்டரியா, ஜெனரேட்டரா?

வேளச்சேரி_இரண்டாம்மாடி:

எங்கள் குடியிருப்பு வேளச்சேரியில் தாழ்வான பகுதியில் இருக்கிறது. 3 பிளாக், கீழே முழுக்க பார்க்கிங், அதற்கு மேல் 4 மாடி. இந்த வருஷம் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது, மழைக்கு முன்னால் ஒரு விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பார்க்கிங்கில் இருந்த எங்கள் ஜெனரேட்டர் முதல் நாளே மூழ்கிவிட்டது, அப்புறம் 3 ராத்திரி கரண்ட் இல்லை. காவலுக்கு இருந்த இரண்டு அண்ணன்களிடம் ஆளுக்கொரு டார்ச்தான், அதுவும் ராத்திரி 10 மணிக்கெல்லாம் மங்கிவிட்டது. பிறகு செல்போன் வெளிச்சத்தில் ஏறி இறங்கினார்கள். மறுநாள் ராத்திரி ஒரு அம்மாவைப் படகு வரைக்கும் தூக்கிக்கொண்டு போகும்போது கடைசிப் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் அவர்களில் ஒருவர் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். இரண்டு மாதம் வேலைக்கு வர முடியவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கையில் 45 ஆயிரம் இருக்கிறது. ஒரு கடையில் 500 வாட்-அவர் (1 வாட் லைட் 500 மணி நேரம் எரிகிற அளவு) பவர் ஸ்டேஷன், அதாவது இன்வெர்ட்டரோடு வருகிற பேட்டரிப் பெட்டி, வாங்கச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரும் இரண்டு ஹாலஜன் ஃபோகஸ் லைட்டும் போதும் என்கிறார்கள். இரண்டாவது பிளாக்கில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கரண்ட் மெஷின்) இருக்கும் ஒரு பெரியவரும் இருக்கிறார். எதை வாங்கினால் உண்மையிலேயே உதவும்?

நைட்_ரவுண்ட்ஸ்:

அம்பத்தூர் பக்கம் செக்யூரிட்டி சூப்பர்வைசராகப் பல வருஷம் இருக்கிறேன், அதனால் டார்ச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எவ்வளவு வெளிச்சம் என்று கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். டிசம்பரில் சென்னையில் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், விடிய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். டார்ச்சில் போடுகிற, சார்ஜ் செய்யக்கூடிய ஒரு நல்ல 18650 செல்லில் 11 வாட்-அவர் பக்கம்தான் இருக்கும். 300 லூமன் (வெளிச்சத்தின் அளவு) வைத்து எரித்தால் மூன்று, மூன்றரை மணி நேரம், 100 லூமனுக்கு இறக்கினால் ஏறத்தாழ ராத்திரி முழுக்க ஓடும். ரவுண்ட்ஸ் போக 100 தாராளம், தூரத்தில் ஏதாவது அசைந்தால் மட்டும் கூட்டிக்கொள்ளலாம். கொட்டுகிற மழையில் அதிக வெளிச்சம் அடித்தால் மழைத்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், அப்புறம் கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம்கூட ஆகிவிடும்.

பெட்டியில் 9900 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு) என்று எழுதியிருக்கும் 18650 செல்லைத் தொடவே வேண்டாம். அந்த அளவு செல்லில் பெரிய கம்பெனிகளே 3500 பக்கம்தான் எட்டியிருக்கின்றன. தண்ணீர் தாங்கும் தரத்தில் ஐபிஎக்ஸ்4 என்றால் சாரல் தாங்கும், அவ்வளவுதான். வெள்ளத்துக்கு ஐபி67 பாருங்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்க வேண்டும் என்பது அதன் அர்த்தம், ஆனால் சார்ஜ் போடும் ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருந்தால்தான். அந்த மூடியில்தான் நிறைய டார்ச் செத்துப்போகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், தலையில் மாட்டுகிற லைட் வாங்குங்கள். உங்கள் காவலர் விழுந்தது வெளிச்சம் இல்லாததால் மட்டும் இல்லை, டார்ச்சைப் பிடிக்கக் கை இல்லாததாலும்தான். ஆளைத் தூக்குகிறவர் டார்ச்சை எதில் பிடிப்பார்?

வாட்_கணக்கு:

மேலே சொன்ன அண்ணன் கணக்கையே மொத்தக் கட்டடத்துக்கும் போடுங்கள். ஒரு பிளாக்குக்குத் தரையோடு சேர்த்து 5 இடத்தில் 12 வோல்ட் 1 வாட் எல்இடி பல்பு, படிக்கட்டுக்கு அது போதும். 3 பிளாக்குக்கு 15 வாட், 12 மணி நேரத்துக்கு 180 வாட்-அவர். கேட்டில் 10 வாட் லைட் ஒன்று, 120. வாக்கி டாக்கி, காவலர்கள் போன் எல்லாம் சேர்த்து 100 வைத்துக்கொள்வோம். ஆக ஒரு ராத்திரிக்கு 400, மூன்று ராத்திரிக்கு 1200. 500 வாட்-அவர் பவர் ஸ்டேஷன் ஒரு ராத்திரியோடு சரி, அதிலும் 230 வோல்ட் பிளக்கில் போட்டால் உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சாப்பிட்டுவிடும், லைட் எதுவும் போடாமல் ஆன் செய்து வைத்திருந்தாலே தின்னும்.

நான் வாங்கினால் 12.8 வோல்ட் 40 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி மூன்று வாங்கி, பிளாக்குக்கு ஒன்றாக முதல் மாடியில் வைப்பேன். ஒவ்வொன்றும் 512 வாட்-அவர், ஐந்து கிலோ பக்கம்தான் இருக்கும், ஒரு கையால் தூக்கலாம். பெரிதாக ஒன்றே ஒன்று வேண்டாம். 12 வோல்ட்டை நீள ஒயரில் பக்கத்து பிளாக்குக்கு இழுத்தால் வழியிலேயே வோல்ட் குறையும், அதோடு அந்த ஒன்று பழுதானால் மூன்று பிளாக்கும் இருட்டு. பேட்டரி வாயிலேயே ஃபியூஸ் போடுங்கள், இது கட்டாயம். சோலார் பேனலை நம்பி வாங்காதீர்கள், நமக்குத் தேவைப்படுவது சூரியனே தெரியாத நாட்களில்தான்.

ஹாலஜன் வேண்டவே வேண்டாம். 500 வாட் ஹாலஜன் செய்கிற வேலையை 50, 60 வாட் எல்இடி செய்யும்.

வேளச்சேரி_இரண்டாம்மாடி:

வீடுகளில் கழற்றிப்போட்ட பழைய 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு இருக்கிறது, இலவசமாகவே தருகிறார்கள். அது போதாதா?

வாட்_கணக்கு:

புதிதாக இருந்தால் 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 1800 வாட்-அவர், ஆனால் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் போய்விடும், அதனால் 900 என்றுதான் எண்ண வேண்டும். கழற்றிப்போட்டது என்றால் அதிலும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால்தான் தெரியும். ஒன்றின் எடையும் 50 கிலோவுக்கு மேல், தண்ணீர் ஏறும்போது இருட்டில் ஆசிட்டோடு அதை யார் மாடிக்குத் தூக்குவது? மறுபடியும் அதே அண்ணன்கள்தான். வேண்டாம் சார்.

ஓய்வுபெற்ற_லைன்மேன்:

தம்பி, ஜெனரேட்டர் வாங்குவதானால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் வேலைக்கு அனுப்பினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்திருந்த நேரம், வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, எங்கே பார்த்தாலும் ஜெனரேட்டர் சத்தம். கம்பத்தில் ஏறும் ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு இருந்த பயம் ஒன்றுதான். யாராவது ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் செருகியிருந்தால் அந்தக் கரண்ட் வெளி லைனுக்கு வரும், 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்குகிற அதே டிரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலை செய்து அதை மறுபடியும் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் ஆஃப் என்று நம்பித்தான் நாங்கள் கை வைக்கிறோம். லைனை எர்த் செய்துதான் வேலை பார்ப்போம், ஆனால் அந்த அவசரத்தில் ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் உயிர் போகும். அதனால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வெளி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கிற சுவிட்ச்) இல்லாமல் கட்டட ஒயரிங்கில் கொடுக்கவே கூடாது, இல்லையென்றால் தனி ஒயர் இழுத்து லைட்டை நேராகப் போடுங்கள்.

இன்னொன்று. மழை என்று ஜெனரேட்டரைப் படிக்கட்டுக்கு அடியிலோ வராந்தாவிலோ வைக்காதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். ஜன்னல், கதவிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தண்ணீர் சூழ்ந்த கட்டடத்தில் உங்களுக்கு அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். என் கருத்து, பேட்டரியோடு நிறுத்துங்கள்.

வார்டு_நர்ஸ்:

அந்தப் பெரியவரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், உங்கள் மூன்று பேட்டரியையும் இன்வெர்ட்டரோடு சேர்த்துப் போட்டால்கூட ஐந்து மணி நேரம் தாண்டாது. அவருக்கு சிலிண்டர்தான் வழி. பி டைப் சிலிண்டரில் ஏறத்தாழ 1500 லிட்டர், நிமிஷத்துக்கு 2 லிட்டர் வைத்தால் 12 மணி நேரம் வரும். அவருக்கு எத்தனை லிட்டர் என்று டாக்டரிடம் கேட்டு, புயல் எச்சரிக்கை வந்த அன்றே இரண்டு எடுத்து வைத்துவிட்டு, முடிந்தால் மழை தொடங்கும் முன்பே அவரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் அறையில் ஒரு லைட் மட்டும் நீலம் கலக்காத, நிறம் சரியாகத் தெரிகிற வெள்ளையாக இருக்கட்டும். உதடு நீலம் பாரிக்கிறதா என்பது மட்டமான எல்இடியில் தெரியாது.

நைட்_ரவுண்ட்ஸ்:

கேட் லைட்டை உயரத்தில் மாட்டி, வருகிறவர் முகத்தில் விழுகிற மாதிரி திருப்புங்கள், காவலர் நிற்கும் இடம் நிழலில் இருக்கட்டும். நிறைய இடத்தில் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள், வெளியே நிற்பவனுக்குக் காவலர் தெரிவார், காவலருக்கு அவன் தெரிய மாட்டான்.

வேளச்சேரி_இரண்டாம்மாடி:

எல்லோருக்கும் நன்றி. பெரியவரின் மகளிடம் இன்று காலையே பேசிவிட்டேன், எச்சரிக்கை வந்தால் தாம்பரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார், சிலிண்டர் கடைக்கும் போன் செய்துவிட்டேன். சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன், மூன்று பேட்டரியும் தலையில் மாட்டும் லைட் நான்கும். கணுக்கால் உடைந்த அண்ணனையும் கூட அழைத்துப்போகிறேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஈரக் கையில் தடவினாலும் அகப்படுகிற மாதிரி சுவிட்ச் பெரிதாக இருக்க வேண்டுமாம், அன்றைக்கு டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடியும் போட முடியாமல் தவித்தேன் என்றார். ஒவ்வொன்றாக அவர் கையை நனைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.