50 பைசாவை எடுத்துவிடலாமா?

திண்டுக்கல் மளிகை:
25 பைசாவும் அதற்குக் கீழே இருந்த காசுகளும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. அன்றைக்கே 50 பைசாவையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். சட்டப்படி இன்னும் செல்லும், ஆனால் என் கல்லாவில் அதைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. நான் வாங்கினாலும் மொத்த வியாபாரி என்னிடம் வாங்க மாட்டார். புழங்காத காசு எதற்கு?

பழைய கேஷியர்:
கடைக்காரர்கள் வாங்காததால்தானே புழங்கவில்லை? 50 பைசா செல்லும், மறுக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொல்கிறது. கிலோ 150 ரூபாய் பருப்பு கால் கிலோ 37.50. நீங்கள் எவ்வளவு வாங்குவீர்கள்?

திண்டுக்கல் மளிகை:
38. சில்லறை இல்லையென்றால் வேறென்ன செய்வது?

பழைய கேஷியர்:
அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. கிலோவாக வாங்குகிறவருக்கு 150. கையில் இருக்கிற காசுக்குக் கால் கிலோவாக நாலு தடவை வாங்குகிறவருக்கு 152. இல்லாதவர்தான் கூடக் கொடுக்கிறார்.

ஈரோட்டுக்காரி:
யுபிஐ-யில் 37.50 என்றே அனுப்பலாமே. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய கேஷியர்:
கால் கிலோ வாங்குகிறவர்களில் எத்தனை பேர் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, தங்கச்சி?

திண்டுக்கல் மளிகை:
அண்ணே, அச்சடிக்கிற செலவையும் பாருங்கள். 2018-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதிலின்படி, ஒரு ரூபாய் காசுக்கே 1.11 ரூபாய் செலவு. கனடாவில் 2013-இல் ஒரு சென்ட் காசு விநியோகத்தை நிறுத்தினார்கள். ரொக்கம் என்றால் மொத்த பில்லை மட்டும் பக்கத்து 5 சென்டுக்கு மாற்று, கார்டு என்றால் சென்ட் வரை அப்படியே வாங்கு என்று அரசு வழிகாட்டியது. ஊர் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

பழைய கேஷியர்:
செலவுக் கணக்கு பார்த்தால் ஒரு ரூபாயையும் எடுக்க வேண்டும். ஒரு காசு ஒரே தடவை கைமாறிவிட்டு நிற்பதில்லை. கனடாவில் 1, 2 சென்ட் கீழே இறங்கும், 3, 4 மேலே ஏறும், அதனால் சரிக்கட்டிப்போகும். நம்முடைய 50 பைசா சரிபாதியில் நிற்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வரித் தொகையில் 50 பைசா வந்தால் ஒரு ரூபாயாக ஏற்றச் சொல்கிறது. கடைகளும் அதையே பிடித்துக்கொண்டால் எல்லாம் வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

ஈரோட்டுக்காரி:
அப்படியென்றால் ரொக்க பில்லில் 50 பைசா வந்தால் கீழேதான் இறக்க வேண்டும் என்று விதி போடட்டும். 37.50 வந்தால் 37.

திண்டுக்கல் மளிகை:
எனக்குச் சம்மதம். ஆனால் எல்லாக் கடைக்கும் ஒரே விதியாக இருக்க வேண்டும். நான் மட்டும் இறக்கினால் கட்டாது.

பழைய கேஷியர்:
விதி முதலில் வரட்டும், அதை மீறினால் யாரிடம் புகார் செய்வது என்பதும் அதில் இருக்கட்டும். அப்புறம் காசை எடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதுவரை நீங்கள் 38 கேட்டால் நான் 50 பைசா மீதி கேட்பேன்.