விமானத்தைக் குறைத்தவர்கள், குறைக்க முடியாதவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாமிரபரணிக்கரை எழுதியது:

2023 டிசம்பர் 17 ராத்திரி தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்தது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். நான் சென்னையில். "திண்ணைக்கு வந்துட்டு ஐயா, நாங்க மாடிக்குப் போறோம்" என்று அம்மா சொன்னதுதான் கடைசி. அதற்குப் பிறகு மூன்று நாள் எந்த எண்ணுக்கும் லைன் போகவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையே அவ்வளவு வராது. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. தங்கள் வீடே தண்ணீரில் நிற்க, பக்கத்து ஊர்ச் சனங்கள் கோயிலில் வைத்துச் சோறாக்கிப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள்.

நாலாம் நாள் மதுரை வழியாகப் பஸ்ஸிலும், கடைசித் தூரத்துக்கு ஒரு டிராக்டரிலும் போய்ச் சேர்ந்தேன். இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். மாடுகள் இல்லை.

சேறு வழித்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார், "எழுவத்தாறு வயசாகுது, இப்படி ஒரு மழை பாத்ததில்ல. என்னய்யா காரணம்?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும், கரியும் எண்ணெயும் எரிக்க எரிக்கச் சூடு ஏறுகிறது என்று. மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "நீ வாரா வாரம் பிளேன்ல போறியே, அதுலயும் எண்ணெய்தானய்யா எரியுது?"

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஆமாப்பா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

சென்னை திரும்பியதும் அந்த வருடத்து டிக்கெட்டுகளை எண்ணினேன். 38 தடவை. பம்பு, மோட்டார் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது என் வேலை. அதனால் 31 தடவை கோவைக்கோ பெங்களூருக்கோ. பாதிக்கு மேல் இரண்டு மணி நேரப் பேச்சுக்காக. ஊருக்கு, அப்பா அம்மாவைப் பார்க்க, நாலே தடவை. அந்த எண்களை இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும். எண்ணெயில் உள்ள கரி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. சென்னை–கோவை மாதிரிக் குட்டிப் பயணத்தில் மேலே ஏறுவதற்கே எரிபொருளில் பெரும்பங்கு போய்விடும். ஆளுக்கு 40, 50 கிலோ அளவில் வாயு. ரயிலில் அதில் சிறு பங்கு. நேரமாவது மிச்சமா என்றால், வேளச்சேரியிலிருந்து மீனம்பாக்கம், அங்கே காத்திருப்பு, பறப்பது, பீளமேட்டிலிருந்து கம்பெனி எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம். வந்தே பாரத்தில் ஏறக்குறைய ஆறு. அந்த ஆறிலும் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

2024 முழுக்கக் கோவைக்கும் பெங்களூருக்கும் ரயில்தான். மேலாளர் முதலில் முகம் சுளித்தார். இரண்டு, மூன்று சந்திப்புகளை ஒரே நாளில் சேர்த்து வைக்கத் தொடங்கிய பிறகு எதுவும் சொல்லவில்லை. ஊருக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ். ராத்திரி எழும்பூரில் ஏறினால் காலையில் தூத்துக்குடி. அந்த வருடம் நாலு தடவை பறந்தேன்.

குறைத்துப் பார்த்தவர்கள், முடியாமல் போனவர்கள், தேவையில்லை என்று நினைக்கிறவர்கள் எல்லோரும் எழுதுங்கள். கருத்தைவிட நடந்ததைச் சொன்னால் நல்லது.

காவிரிப்பாலம் எழுதியது:

அண்ணே, நான் தோஹாவில் ஏசி மெக்கானிக். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சிக்கு வருவேன். என் மகள் பிறந்து பதினாலு மாசம் கழிச்சுத்தான் அவளைத் தூக்கினேன். எங்க ரூம்ல எட்டுப் பேரு, எல்லாருக்கும் இதே கதைதான். இந்தப் பேச்சு வரும்போது எங்களையும் ஒரே தராசுல வெச்சுடாதீங்கன்னு மட்டும் கேட்டுக்கறேன்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

தம்பி, உங்களைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. 2018இல் உலகத்தில் விமானம் ஏறியவர்களே நூற்றுக்குப் பதினோரு பேர் அளவில்தான், பயணிகள் விமானங்கள் விட்ட வாயுவில் பாதிக்கு வெறும் ஒரு சதவீதம் பேர் காரணம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. 38 தடவை பறந்த வருடத்தில் நான் யாரோடு சேர்த்தி என்பது எனக்குத் தெரியும். மகளுக்கு என் அன்பு.

பனங்கூடல் எழுதியது:

நான் யாழ்ப்பாணம். இப்ப ரொறொன்ரோவில இருக்கிறன். முந்தி வருஷத்துக்கு ஒருக்கா ஊருக்குப் போய் வந்தனாங்கள். ரெண்டு கிழமைதான் லீவு. அதில நாலு நாள் பிரயாணமும் நித்திரை முழிப்பும். ஒரு ஆள் போய் வர ரெண்டு தொன் அளவில கரியமில வாயு எண்டு என்ர மகள் பள்ளிக்கூடத்தில கணக்குச் செய்துகொண்டு வந்து காட்டினவ. இலங்கையில ஒரு ஆளுக்கு வருஷம் முழுக்கவே ஒரு தொன் அளவுதான். அண்டைக்கு ராவு எனக்கு நித்திரை வரேல்ல. ஏனெண்டா அம்மா அங்க தனிய இருக்கிறா.

கதைச்சுக் கதைச்சு ஒரு முடிவுக்கு வந்தம். மூண்டு வருஷத்துக்கு ஒருக்காப் போறது, போனா ரெண்டு மாசம் நிக்கிறது. வேலையில சம்பளமில்லாத லீவு கேட்டு வாங்கினன், அது லேசில கிடைக்கேல்ல. ஆனா போன முறை அம்மாவோட ஒரு பனங்காய்க் காலம் முழுக்க இருந்தன். முந்தி ரெண்டு கிழமையில அவ எனக்குச் சமைச்சுத் தந்து அனுப்புறதோட சரி. இந்த முறை அவவுக்கு நான் சமைச்சன்.

அப்பதான் அம்மாவைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். காங்கேசன்துறையில கப்பலேறி நாகபட்டினம், நாலு மணித்தியாலம். 2023 அக்டோபரில தொடங்கி நிண்டுபோய், 2024 ஓகஸ்டில திரும்பத் தொடங்கின சேவை. கப்பலும் எண்ணெய் எரிக்குது, அது தெரியும். ஆனா அம்மா கரையைப் பாத்துக்கொண்டு, தன்ர அப்பா தலைமன்னாரில கப்பலேறித் தனுஷ்கோடிக்குப் போய், அங்கயிருந்து போட் மெயில் ரயிலில மெட்ராசுக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டே வந்தா. 1964 டிசம்பர்ப் புயலோட தனுஷ்கோடியும் போச்சு, அந்த வழியும் போச்சு. தரையாலயும் தண்ணியாலயும் போற பாதையள் எங்களுக்கு இருந்தது. அதுகளைத் திருப்பிக் கட்டாமல் சனத்தைப் பறக்காதே எண்டு மட்டும் சொல்லேலாது.

நூல்கண்டு எழுதியது:

திருப்பூருங்க. ஆள் பறக்கறதைப் பத்தியே எல்லாரும் எழுதறீங்க. சரக்கு பறக்கறதைப் பத்தி நான் சொல்றேன்.

எங்களது சின்ன பனியன் கம்பெனி, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி. எப்பவும் சரக்கு தூத்துக்குடி துறைமுகம் போய்க் கொழும்புல பெரிய கப்பல் மாறிப் போகும். ஒரு மாசம் பிடிக்கும். 2023 கடைசியில செங்கடல்ல கப்பல்களைத் தாக்க ஆரம்பிச்சதும், கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக ஆரம்பிச்சது. பத்து, பன்னெண்டு நாள் கூடுதல். ஆனா கடையில துணி தொங்க வேண்டிய தேதியை யாரும் தள்ளி வெக்கலைங்க.

2024 கோடை ஆர்டர்ல ஆறாயிரம் டி-ஷர்ட். துணி வாங்கற கம்பெனி பக்கம் கலர் அப்ரூவல் பதினேழு நாள் தாமதம். அப்பறம் சாயம் போடறப்ப ஒரு லாட் நிறம் மாறித் திரும்ப வந்துச்சு. கப்பல் போயிடுச்சு. ஏர்லதான் அனுப்பணும்னு மெயில், செலவு எங்க தலையில. ஒரு டன்னுக்கு மேல துணி விமானத்துல போச்சு. அந்த ஆர்டர்ல ஒத்தை ரூபா லாபமில்லை, கைக்காசும் போச்சுங்க. அதைக்கூடத் தாங்கிக்கலாம். ஆறே மாசத்துல அதே கம்பெனியிலிருந்து ஒரு ஃபாரம் வந்துச்சு, உங்க கம்பெனியோட கார்பன் அளவை எப்படிக் குறைக்கறீங்கன்னு. கொட்டகை மேல சோலார் போட்டிருக்கோம், பல்லடத்துல காத்தாலையில பங்கு வெச்சிருக்கோம், சாயத்தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்ப எடுத்துக்கறோம். எல்லாம் எழுதினோம். ஒரே எடையை ஒரே தூரம் கொண்டு போக, கப்பலைவிட விமானம் பல பத்து மடங்கு வாயு விடும். எங்க சோலார் மிச்சம் பண்ணினதை அந்த ஒரு ஷிப்மென்ட் தின்னுருச்சு. அந்த ஃபாரத்துல அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லைங்க.

இப்ப ஆர்டர் எடுக்கும்போதே ஒரு வரி சேர்க்கறோம். அப்ரூவல் எத்தனை நாள் தாமதமோ, ஷிப்மென்ட் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும். மூணு பேர்கிட்டக் கேட்டோம், ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாங்க. சாம்பிளைக் கையில எடுத்துக்கிட்டு வருஷம் ரெண்டு தடவை ஜெர்மனி போறதையும் நானும் தம்பியும் நிறுத்திட்டோம். கேமராவுல துணியோட நிறம் சரியாத் தெரியாது, அதனால துண்டுத் துணியை கூரியர்ல முன்னாடியே அனுப்பிட்டு அப்பறம் பேசறோம்.

ஓடுபாதை எழுதியது:

இருபது வருடமாக விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். இந்தத் தொழிலை மனதார நேசிக்கிறவன், அதனால் இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. புது என்ஜின்கள் பழையதைவிட 15, 20 சதவீதம் குறைவாகக் குடிக்கின்றன. உண்மை. ஆனால் விமானங்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாக ஏறுகிறது. 2023இல் மட்டும் நம் நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து 970 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. தாவர எண்ணெய்க் கழிவிலிருந்து எடுக்கும் மாற்று எரிபொருள் இன்று உலகம் எரிக்கும் விமான எரிபொருளில் ஒரு சதவீதம்கூட இல்லை.

உலகத்துக் கரியமில வாயுவில் விமானத்தின் பங்கு இரண்டரை சதவீதம் என்பார்கள். வால் மாதிரி நீளும் அந்த வெள்ளைப் புகைக்கோடு இந்தக் கணக்கில் வராது. குளிர்ந்த, ஈரமான உயரத்தில் அது பரந்து மெல்லிய மேகமாகி, தரையிலிருந்து மேலே போகும் சூட்டைப் பிடித்து வைக்கும். ராத்திரியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலையும் அதற்குக் கிடையாது, சூட்டை மட்டும் பிடிக்கும்.

கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறியபோது நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். இன்றைக்கும் நல்ல வேலைதான். ஆனால் அது விளக்குக்கும் ஏசிக்கும். இறக்கைக்குள் ஊற்றும் எண்ணெய் அதில் சேராது. மூன்றே வருடத்தில், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், அதே நிலையம் இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. சென்னையில் 2015 டிசம்பரில் அடையாறு ஓடுபாதைக்கு ஏறியதை நான் நேரில் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் விமானங்கள் நின்றன.

தலைமதகு எழுதியது:

பரந்தூர் பக்கம் என் பெரியம்மா வீடு, ஏகனாபுரத்தில். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்காக எடுக்கப்போகும் ஊர்களில் அதுவும் ஒன்று. 2022இலிருந்து அந்த ஊர்க்காரர்கள் ராத்திரியில் கூடிப் போராடிக்கொண்டே இருக்கிறார்கள், ஆயிரம் நாளையும் தாண்டிவிட்டது. கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், அதில் ஏரிகள், வயல்கள், ஏரிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கம்பன் கால்வாய். பத்துக் கோடிப் பயணிகளுக்கான திட்டம் என்கிறார்கள்.

போன மாசியில் போனேன். பகல் முழுக்க நாற்றங்காலில் நின்றுவிட்டு, சாப்பிட்டதும் பெரியம்மா கூட்டத்துக்குக் கிளம்பினாங்க. நானும் கூடப் போனேன். திரும்பி வரும்போது கேட்டாங்க, "நீ பிளேன்ல போயிருக்கியாம்மா? உள்ள எப்படி இருக்கும்?" அவங்க போனதில்லை. போகணும்னு ஆசைப்பட்டதும் இல்லை. நான் போயிருக்கேன், ஒன்பது தடவை. அதில் மூன்று பெங்களூருக்கு. ஐந்து மணி நேரத்துக்குள் ரயில் போய்விடும் ஊருக்கு. அன்றையிலிருந்து பெங்களூருக்கு நான் பறக்கவில்லை. இதனால் ஏரி மிஞ்சிவிடும் என்று நம்பவில்லை. பெரியம்மா முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்காக.

எழும்பூர் எழுதியது:

ரயில் ரயில் என்கிறீர்கள். டிக்கெட் எங்கே? முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது 2024 நவம்பரில். இருந்தும் பண்டிகைக்கு எட்டு மணிக்குத் திறந்தால் எட்டு ஐந்துக்கு வெயிட்டிங் லிஸ்ட். எனக்கு மூட்டு வலி, மேல் பர்த் கிடைத்தால் ஏற முடியாது. தீபாவளிக்கு மதுரை போக மூன்று நாள் முயன்று, முடியாமல் விமானத்தில் போனேன். சாதா டிக்கெட்டைவிடப் பல மடங்கு காசு. மனசாட்சி உள்ளவர்களை அலைக்கழிக்காமல் இன்னும் பத்து ரயில் விடச் சொல்லிச் சேர்ந்து மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

எழும்பூர், மனுவை எழுதத் தொடங்குங்கள். முதல் கையெழுத்து உங்களுடையது, அடுத்தது என்னுடையது. பண்டிகை நாள்களில் கூடுதல் ரயில், முதியவர்களுக்குக் கீழ் பர்த் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்போம்.

நான் பறந்த அந்த நாலு தடவையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் அப்பா கிணற்றடியில் விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு. சித்தப்பா போன் பண்ணிய நாலு மணி நேரத்தில் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தில் இறங்கினேன். அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோகும்முன் அவர் கையைப் பிடிக்க முடிந்தது. "பிளேன்லயா வந்த?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையை விடவில்லை.

நூல்கண்டு, கோவையில் எனக்கு ஓர் ஏற்றுமதி வாடிக்கையாளர் இருக்கிறார், பம்புக்கான உதிரி பாகங்கள். போன மாதம் அவரும் இதே மாதிரி சரக்கை விமானத்தில் அனுப்பினார். நீங்கள் ஆர்டரில் சேர்க்கும் அந்த வரியை அப்படியே இங்கே போட முடியுமா? வியாழக்கிழமை ரயிலில் அவரைப் பார்க்கத்தான் போகிறேன்.