வாடகைக்கு விட வாங்கின முதல் வீடு: இன்னும் மனசை விட்டுப் போகாத சம்பவம் எது?

கீழ்வீடு:
லோன் போட்டு வாங்கின முதல் வீடு. வாடகை வரும், இஎம்ஐக்குப் போயிடும்னு நினைச்சேன். அந்தக் கதை உங்க எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன்.

பதினோராவது மாசம் குடியிருந்தவர் காலி பண்ணிட்டார். சாவியை என் கையில வச்சிட்டு, "குளியலறைச் சுவர் ஓதம் அடிக்குதுன்னு மூணு தடவை சொன்னேன் சார். பாப்பாவுக்கு இருமல் நிக்கவே இல்ல"ன்னார். குரல்ல கோபமே இல்லை. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்திட்டு மறந்திருப்பேன்.

மூணு தடவையும் நான் "அடுத்த மாசம் பாத்துடலாம்"னுதான் சொன்னேன். வாடகை முழுக்கத் தவணைக்கே போச்சு, ரிப்பேருக்குன்னு ஒண்ணுமே எடுத்து வைக்கலை. இப்ப ரெண்டு மாசமா வீடு பூட்டிக் கிடக்கு. வருஷ வாடகையில ஆறில் ஒரு பங்கு, 16 சதவீதத்துக்கும் மேல போயிடுச்சு. ரிப்பேருக்கு நீங்க எல்லாம் எவ்வளவு ஒதுக்குறீங்க?

ரெட்டைச்சாவி:
உங்க பதிவைப் படிச்சதும் எனக்கு அந்தக் கதவுநிலைதான் ஞாபகம் வந்துச்சு.

ஆறு வருஷம் இருந்த குடும்பம் காலி பண்ற நாள். முன்பணத்தைக் கணக்குத் தீர்க்கப் போனேன். உள்ளறைக் கதவுநிலையில வரிசையா பென்சில் கோடு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தேதி. அவங்க பொண்ணோட உயரம். நான் வீடு முழுக்க பெயிண்ட் அடிக்கிற செலவைப் பிடிச்சுக்கறேன்னு சொன்னேன். அந்தம்மா கீழ இருந்த கோட்டை விரலால தொட்டுட்டு, "இதுக்குமா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

ஆறு வருஷத்துல எந்தப் பெயிண்டும் மங்கத்தான் செய்யும். சாதாரணமாப் புழங்குறதுல தேயறது வேற, உடைச்சு வைக்கிறது வேற. முதல் வகை வீட்டுக்காரர் செலவு. எனக்கு அது அன்னைக்கே தெரியும். ஆனா முன்பணத்தை நான் எப்பவோ செலவழிச்சிருந்தேன். திருப்பிக் கொடுக்கக் கையில பணம் இல்லாததாலதான் சுவரு என் கண்ணுல பட்டுது. இதை இப்பத்தான் முதல் தடவையா வெளியில சொல்றேன்.

இப்ப முன்பணம் தனிக் கணக்குல இருக்கு, தொடறதே இல்லை. குடி வர்ற அன்னைக்கே ஒவ்வொரு அறையையும் தேதியோட படம் எடுத்து, எது எந்த நிலையில இருக்குன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடறோம்.

கணக்கன்:
கீழ்வீடு சார், ஓதம் காரணம் இல்லை. வாங்கின அன்னைக்கே கணக்கு தப்பு. எனக்கும் அப்படித்தான். மாறும் வட்டியில கடன் எடுத்தேன். வாடகை ஒப்பந்தம் முடிய மாசங்கள் இருக்கும்போதே வட்டி ஏறினதா பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி தூங்கலை.

அதனால புதுசா வாங்கறவங்களுக்குச் சொல்றேன். 20 வருஷக் கடன்ல வட்டி 7 சதவீதம் போய் 9 ஆனா, தவணை ஏறக்குறைய 16 சதவீதம் கூடும். வாடகை அந்த வேகத்துல ஏறாது. அதே 9 சதவீதத்துல முதல் தவணையில ஆறுல அஞ்சு பங்கு வட்டிக்கே போகும். அசல்ல பாதி தீர 14 வருஷம் ஆகும். "வாடகைக்காரர் என் கடனை அடைக்கிறார்"னு சொல்றவங்க இதைப் பாக்கணும்.

வருமான விகிதத்தையும் மொத்த வாடகையை வச்சுப் போடாதீங்க. வருஷத்துல ஒரு மாசம் காலியா இருக்கும்னு வச்சுக்குங்க, அதுலயே 8 சதவீதம் போச்சு. சொத்து வரி, இன்சூரன்ஸ், பொதுப் பராமரிப்பு, புரோக்கர் கமிஷன் எல்லாம் கழிங்க. ரிப்பேருக்கு வருஷத்துக்கு வீட்டு விலையில 1 சதவீதம்னு பொதுவா சொல்வாங்க, அதையும் கழிங்க. மிச்சத்தைப் பதிவுச் செலவும் சேர்த்த முழு விலையால வகுங்க. அதுதான் உண்மையான வருமான விகிதம். அது கடன் வட்டியைவிடக் குறைவா இருந்து, விலையில பெரும்பகுதி கடனாவும் இருந்தா, பெரும்பாலும் மாசாமாசம் உங்க சம்பளத்துல இருந்து வீட்டுக்குப் பணம் போகும். வீட்டு விலை ஏறும்ங்கற நம்பிக்கையில மட்டும் வாங்கறீங்கன்னு அர்த்தம். ஆறு மாசத் தவணை கையில இல்லாம யாரும் இறங்காதீங்க.

மொட்டைமாடி:
கணக்கன் சார், அவர் கேட்டது ரிப்பேருக்கு எவ்வளவுங்கற ஒரே கேள்வி. அதுக்கு நீங்க சொன்ன 1 சதவீதத்தை நான் ஒத்துக்க மாட்டேன். இடத்தோட மதிப்பு ஏறினா வீட்டு விலை ஏறும், அதுக்காகக் குழாய் சீக்கிரம் போயிடாது. விலை கம்மியான பழைய கட்டடத்துலதான் செலவு அதிகம். கூரை, வயரிங், தண்ணி லைன், மோட்டார் ஒவ்வொண்ணும் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்னு தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போய்ப் பாத்து, மாத்துற செலவை அத்தனை வருஷத்துக்குப் பிரிச்சு ஒதுக்குங்க.

காலியான மாசம் மட்டும்தான் நஷ்டம்னும் நினைக்காதீங்க. நான் வாங்கப் போன வீட்டுல ஏற்கெனவே ஆள் இருந்தாங்க, நல்ல வாடகைன்னு விக்கிறவர் சொன்னார். நான் குடியிருந்த பையன்கிட்டயே, "மாசம் எவ்வளவுப்பா கொடுக்கறீங்க?"ன்னு கேட்டேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி அவன் விக்கிறவர் முகத்தைப் பாத்தான். ஒரு நொடிதான். அப்புறம் விக்கிறவர் சொன்ன அதே தொகையைச் சொன்னான்.

நான் முன்பணமும் கொடுத்து, கிரயமும் முடிச்சேன். அடுத்த மாசமே அவன் காலி பண்ணிட்டான். அந்த வாடகையில பாதிக்குத்தான் அடுத்த ஆள் வந்தாங்க. வாடகை வந்த வங்கிக் கணக்கு விவரத்தைக் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் பார்வையைப் பாத்த பிறகும் கேட்கலை.

கீழ்வீடு:
எல்லாருக்கும் நன்றி. கணக்கன் சார் சொன்ன மாதிரி கழிச்சுப் பாத்தேன், மாசாமாசம் என் கையில இருந்துதான் போகுது. இனி வாடகை வந்ததும் ஒரு பங்கைத் தனிக் கணக்குல போட்டுட்டுத்தான் மத்ததுன்னு முடிவு பண்ணியிருக்கேன்.

நேத்து பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவருக்குள்ள ஒரு இணைப்புல கசிவு. காலையில உடைச்சார், மத்தியானத்துக்குள்ள அடைச்சுப் பூசிட்டுப் போயிட்டார்.